பெயர் ஒன்றுதான், பொருள் ஊருக்கு ஊர் வேறு

"அப்போ நீங்களும் இந்தியத் தமிழர்தானா அக்கா? நானும் அப்படித்தான்!"

இங்கிலாந்தில் ஒரு பொங்கல் ஒன்றுகூடலில் நான் சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியம் இது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் அரையாண்டு படிக்கப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. குளிரில் ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு, தமிழ் பேசும் கூட்டத்தைக் கண்டதும் வாய் நிற்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்தவர் முதுகலை படிக்கும் ஓர் அக்கா. இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்றார். இலங்கைக் குடிமதிப்பில் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு பிரிவுகள் உண்டு என்று பாடத்தில் படித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை. நெருக்கத்தைக் காட்டும் ஆசையும்தான்.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நான் இந்தியாவ இன்னும் பார்த்ததே இல்ல. எங்கம்மாவும் பார்த்ததில்ல. அந்தப் பேரச் சொல்லித்தான் எங்க தாத்தாவோட ஓட்ட எடுத்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை. என் அடையாள அட்டையில் 'இந்தியர்' என்று அச்சிட்டிருக்கிறது. பள்ளிக்கூட நாள்களிலிருந்து எத்தனையோ படிவங்களில் அந்தக் கட்டத்தை யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன். எனக்கு ஒரு பாதிப்பும் இல்லாத ஒரு சொல், இன்னொரு தமிழ்ப் பெண்ணை எப்படிக் காயப்படுத்தியது? அன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும் அதைத்தான் தேடிப் படித்தேன்.

ஒரு பெயர் பறித்த குடியுரிமை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் தமிழக மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்களை இலங்கையின் மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் காப்பித் தோட்டங்கள், பின்னர் தேயிலை. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலிருந்து அவர்கள் 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணப்பட்டார்கள். அப்போது அது கணக்கெடுப்பவர் வசதிக்கான ஒரு தலைப்பாக மட்டுமே தெரிந்திருக்கும்.

1948 பிப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் அந்தத் தீவில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் அப்படிப்பட்ட காகிதம் இல்லை. பல லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது.

1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். கணக்கில் வந்தவர்கள் 975,000 பேர். அவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. அந்த மக்களிடம் எந்த நாடு வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே எண்ணிக்கை பிரிக்கப்பட்டுவிட்டது. 'இந்தியத் தமிழர்' என்ற பெயர் இருந்ததால்தானே "உங்கள் நாடு அங்கே இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது?

அந்த அக்காவின் தாத்தாவுடைய அண்ணன் குடும்பம் அப்படித்தான் தமிழகம் போனதாம். நீலகிரி வட்டாரத்தில் குடியமர்ந்தார்கள். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968 முதல் தமிழக அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. ஆனால் அந்த ஊர் மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சிலோன்காரர்கள்'. இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர். பெயர் வைத்தவர்கள் இரண்டு இடத்திலும் சொன்னது ஒன்றுதான்: நீ இந்த ஊர்க்காரன் இல்லை.

இலங்கையிலேயே தங்கியவர்களில் குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியவர்களுக்காக 2003ல்தான் ஒரு சட்டம் வந்தது. இன்று அவர்களில் பலர் தங்களை 'மலையகத் தமிழர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2023ல் மலைநாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோதும் அந்தப் பெயரைத்தான் முன்வைத்தார்கள். ஒரு நாட்டின் பெயரை விட்டுவிட்டு, தங்கள் உழைப்பால் உருவான மலையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அதே கப்பல் காலம், வேறு கதை

என் கொள்ளுத்தாத்தாவும் தமிழகத்திலிருந்து கூலி வேலைக்குக் கப்பல் ஏறியவர்தான். அவர் ஏறிய கப்பல் மலாயாவுக்கு வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சிங்கப்பூரில் 'இந்தியர்' என்ற சொல் நம்மை வெளியே தள்ளுவதற்குப் பயன்படவில்லை. நாட்டின் நான்கு இனப் பிரிவுகளில் ஒன்று என்று உள்ளே உட்கார வைத்தது. தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றானது. வீவக வீடு வாங்கும்போது இன விகிதாசாரம் பார்க்கிறார்கள், சம்பளத்தில் சிண்டா நிதிக்கு ஒரு தொகை போகிறது. அன்றாட வாழ்க்கையில் அந்தச் சொல் செய்யும் வேலை இப்படித்தான் இருக்கிறது.

ஆனால் நம் 'இந்தியர்' என்ற கட்டத்துக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சிண்டா நிதிக்குப் பங்களிக்க வேண்டியவர்களில் வங்காளிகள், பஞ்சாபியர், மலையாளிகள் மட்டுமின்றிப் பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், இலங்கையர், சிங்களவர்கூட அடக்கம். இலங்கையில் எதிரெதிர்ப் பெயர்களாக நிற்கும் சிங்களவரும் தமிழரும் சாங்கி விமான நிலையம் தாண்டியதும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

முன்பு இங்கேயும் நிலைமை வேறாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் தங்களைத் தனிச் சமூகமாகவே கருதினார்கள். சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1910ல் தொடங்கியது. 1966ல் நம் தேசிய உறுதிமொழியை எழுதிய திரு சி. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். இன்றைய படிவத்தில் அவர் 'இந்தியர்'. "இன, மொழி, மத வேற்றுமை" பற்றி எழுதியவரின் இனத்தைச் சொல்வதே அவ்வளவு எளிதாக இல்லை!

'இனம்' என்ற தமிழ்ச் சொல்லும் இடத்துக்கு இடம் மாறுகிறது. தமிழகத்தில் ஒருவரிடம் "நீங்கள் என்ன இனம்?" என்றால் "தமிழினம்" என்பார். 'இந்திய இனம்' என்ற தொடர் அவர் காதுக்கு விநோதமாக இருக்கும். இந்தியர் என்பது அவருக்கு நாட்டுரிமை. அதைவிட, "உங்கள் கம்யூனிட்டி என்ன?" என்று நாம் இங்கே சாதாரணமாகக் கேட்பதை அங்கே கேட்டுவிடாதீர்கள். அங்கே கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். நாம் சமூகத்தைக் கேட்டதாக நினைப்போம், எதிரில் இருப்பவருக்குச் சாதியைக் கேட்டதாகப் படும்.

கடற்பாலத்தைத் தாண்டினாலும் இதே கதைதான். மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 160ஆவது பிரிவு 'மலாய்க்காரர்' யார் என்று வரையறுக்கும்போது, இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய்ப் பழக்கவழக்கங்களைக் கடைப்பிடிப்பவர் என்கிறது. சமயம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. சிங்கப்பூரில் குழுத்தொகுதித் தேர்தலுக்கான அரசமைப்புப் பிரிவோ, தம்மை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி, அச்சமூகத்தாலும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுபவர் என்று சொல்கிறது. அதில் சமயம் பற்றிய பேச்சே இல்லை. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் இரண்டு முனையிலும் அதே பெயர்தான். சட்டம் அதற்குக் கொடுத்த பொருள் வேறு.

யார் 'ஏசியன்'?

இங்கிலாந்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. இது சிரிக்கக்கூடிய பாடம். என்னுடன் சிங்கப்பூரிலிருந்து வந்த சீனத் தோழி, 'ஏசியன் கலை இரவு' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆசையாகச் சியோங்சாம் அணிந்து கிளம்பினாள். அரங்குக்குள் நுழைந்தால் பங்ரா மேளம், சமோசா, லெஹங்கா. அவளைப் பார்த்து எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். ஆனால் அந்த இரவு அவளுக்கானது இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கோ கேட்காமலேயே முன்வரிசையில் இடம் கிடைத்தது.

இதை வாட்ஸ்அப்பில் கலிஃபோர்னியாவில் படிக்கும் என் அத்தை மகனிடம் சொன்னேன். அவனுக்கு நேர்மாறான அனுபவம். அவன் தன்னை 'ஏசியன்' என்று சொன்னால், "நீ இந்தியனாச்சே!" என்கிறார்களாம். அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் பலர் மனத்தில் வருவது சீன, ஜப்பானிய, கொரிய முகம்.

ஏன் இப்படி? யார் முதலில், எந்தச் சூழலில் வந்தார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனுக்குப் பெருமளவில் வந்தவர்களில் இந்தியரும் பாகிஸ்தானியரும் முக்கியமானவர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறியிருந்த குஜராத்தியர், பஞ்சாபியர் போன்றோரை, 1947ல் இந்தியா பிரிந்த பிறகு 'இந்தியர்' என்ற ஒரே பெயரில் அடக்க முடியவில்லை. அதனால் அங்கே 'ஏசியன்' என்ற சொல் பரவியது. 1972ல் இடி அமீன் அவர்களை உகாண்டாவிலிருந்து விரட்டியபோது சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள், அந்தப் பெயருடனேயே. 1991ல் பிரிட்டிஷ் குடிமதிப்பில் முதன்முதலாக இனக் கேள்வி இடம்பெற்றபோது சீனர்களுக்குத் தனிக் கட்டம் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011ல்தான் அவர்கள் 'ஏசியன்' தலைப்பின்கீழ் வந்தார்கள். காகிதத்தில் வந்துவிட்டார்கள். பேச்சு வழக்கில் இன்னும் முழுமையாக வரவில்லை என்பதற்கு என் தோழியின் சியோங்சாமே சாட்சி.

அமெரிக்காவின் கதை சீனத் தொழிலாளர்களிலிருந்து தொடங்குகிறது. ரயில் பாதை போட்ட அவர்களையே 1882ல் ஒரு சட்டம் நாட்டுக்குள் வரவிடாமல் தடுத்தது. இந்தியர்களை எங்கே வைப்பது என்று அமெரிக்கர்களுக்கு நெடுநாள் தெரியவில்லை. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேவையாற்றிய பகத் சிங் திண்ட், தமக்குக் குடியுரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். அவர் 'வெள்ளையர்' இல்லை, அதனால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு அவரை 'இந்து' என்று குறிப்பிடுகிறது. அவரோ தலைப்பாகை கட்டிய சீக்கியர்! அக்கால அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து வந்த யாராக இருந்தாலும் 'இந்து'தான். குடிமதிப்பிலும் அது ஓர் இனத்தின் பெயராக இருந்தது. 1980ல்தான் குடிமதிப்புப் படிவத்தில் இந்திய வம்சாவளியினருக்கு ஆசியர் வரிசையில் ஒரு கட்டம் கிடைத்தது.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்?

இவ்வளவும் படித்த பிறகு, மற்ற நாடுகள் எப்படிப் பெயர் வைத்தன என்று குறை சொல்வது எளிது. நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

எம்ஆர்டி ரயிலில் கட்டுமான ஊழியர்கள் ஏறும்போது நம் இளையர் சிலர் 'பங்ளா' என்று கிசுகிசுப்பதை நான் கேட்டிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டவள்தான். அந்த ஊழியர் புதுக்கோட்டைக்காரராக இருக்கலாம், தமிழிலேயே நாம் பேசியதைப் புரிந்துகொண்டு இறங்கியிருக்கலாம். அவர் உண்மையிலேயே பங்களாதேஷ்காரர் என்றாலும் அது அவர் நாட்டின் பெயர், அவர் மொழியின் பெயர். வங்காள மொழிக்காக 1952ல் டாக்காவில் மாணவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதன் நினைவாகத்தான் பிப்ரவரி 21 அனைத்துலகத் தாய்மொழி தினமானது. தாய்மொழிக்காக விழா எடுக்கும் நாம், அந்தப் பெயரை வசைச் சொல்லாக்கிவிட்டோம்.

அதேபோல 'இந்தியாக்காரன்' என்ற சொல். படிவத்தில் நாம் 'இந்தியர்'. ஆனால் அண்மையில் இந்தியாவிலிருந்து வந்தவரைச் சுட்டும்போது அதே வேர்ச்சொல்லை ஒரு விதமான இளக்காரத்தோடு சொல்கிறோம். நீலகிரியில் 'சிலோன்காரர்' என்று சொன்ன குரலுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இதற்கு ஒரு மாற்றுக் கருத்தை நண்பர்கள் சொல்வதுண்டு: "எல்லா முத்திரையையும் தூக்கி எறிந்துவிட்டால் என்ன? எல்லாரும் மனிதர்கள்தானே?" கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. முத்திரையே வேண்டாம் என்று மலையக மக்கள் கேட்கவில்லை. தங்களுக்கான பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டார்கள். 1968ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள், பிறர் தங்களுக்கு வைத்த பழைய பெயரை ஒதுக்கிவிட்டு 'ஏசியன் அமெரிக்கன்' என்ற பெயரை உருவாக்கினார்கள். அவர்களும் நம்மைப் போன்ற மாணவர்கள்தான். நம் நாட்டிலும், பெற்றோர் இருவரின் இனத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யும் வசதி 2011ல் வந்தது. 'இந்தியர்' என்ற கட்டம் இல்லாதிருந்தால் பள்ளியில் எனக்குத் தமிழ் கற்கும் வாய்ப்பு இதே அளவில் கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகமே. பெயர் இருப்பது தவறில்லை. யார் வைத்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

அதனால் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் இளையர்களுக்கும், இங்கே பிற நாட்டு மாணவர்களோடு படிப்பவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நம் ஊர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர் ஊருக்குப் பெயர் சொல்லாதீர்கள். ஒருவர் பயன்படுத்தும் சொல் நம்மைப் புண்படுத்தினாலும், அவர் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று கேட்டுவிட்டுக் கோபப்படலாம். நாம் ஒரு பெயரைச் சொல்வதற்கு முன், "நீங்க உங்கள எப்படிச் சொல்லிக்குவீங்க?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் அன்று பொங்கல் தட்டோடு அதைக் கேட்டிருந்தால், அந்த அக்கா தம் தாத்தாவின் ஓட்டுச் சீட்டை நினைக்க வேண்டியிருந்திருக்காது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் அவரை என் சீனத் தோழிக்கு அறிமுகப்படுத்தினேன். இந்த முறை முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்: "அக்கா, உங்கள என்னன்னு சொல்லட்டும்? மலையகத் தமிழர்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அதெல்லாம் அவளுக்கு விளங்காது தங்கச்சி. ஹட்டன்காரின்னு சொல்லு. எங்கன்னு கேட்டா, நானே விளக்கமா சொல்றேன்."

தோழி கேட்டாள். அன்று மாலை முழுவதும் அவர் சொன்னார்.